வீட்டிலிருந்து தொழில் செய்வோரின் வேலைநேரம்: எங்கள் அனுபவங்கள்

தையல், மதுரை

எட்டு ஆண்டுகளாக வீட்டின் முன்னறையில் ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுத்து வருகிறேன். அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே பொருள் கொள்ளலாம். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்ற சட்டத்திருத்தம் தமிழகத்தில் 2021-இல்தான் வந்தது. கடைகளுக்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுக்கிறது. அதை எங்கள் கடை எவ்வளவு மதித்தது என்பது வேறு கதை. ஆனால் இரவில் கடைக்கதவை இறக்கியதும் வேலை முடிந்துவிடும். வீட்டில் நானே முதலாளி ஆனபின் இறக்குவதற்குக் கதவே இல்லாமல் போயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, இரவு பத்தே கால் மணிக்கு ஒரு பட்டு ரவிக்கையை வெட்டிக்கொண்டிருந்தேன். அழைப்புமணி ஒலித்தது. “அக்கா, ஒரே ஒரு கொக்கிதான், அஞ்சு நிமிஷம்” என்றார் வந்தவர். கொக்கியைத் தைத்து, அவர் மகளின் கல்லூரிக் கதையையும் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக எண்ணி, முன்பக்கத் துணியில் பின்கழுத்தின் ஆழத்தை வெட்டிவிட்டேன். புடவையோடு சேர்த்து நெய்து வரும் ரவிக்கைத் துணிக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. கழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒட்டுக் கொடுத்து, அதுவே புது மாதிரி என்று தோன்றும்படி ஒருவாறு சமாளித்தேன். நடந்ததைச் சொல்லித்தான் கொடுத்தேன், கூலியும் வாங்கவில்லை. அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார் என்றாலும் அதன்பின் என்னிடம் பட்டு கொடுத்ததில்லை.

தைப்பொங்கல் முடிந்ததும் வாசலில் ஒரு பலகை மாட்டினேன். காலை 10 முதல் 12 வரை, மாலை 5 முதல் 7 வரை துணி கொடுக்கலாம், வாங்கலாம், அளவு பார்க்கலாம். இடைப்பட்ட நேரம் வெட்டுவதற்கும் தைப்பதற்கும். எத்தனை மணி நேரம் உழைக்கிறேன் என்பதைவிட, வாசலுக்குரிய நேரமும் கத்தரிக்குரிய நேரமும் ஒன்றோடொன்று கலக்காமல் இருப்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. விடுமுறையை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கவில்லை, ஏனெனில் வேலைக்குப் போகும் பெண்கள் அன்றுதான் வர முடியும். செவ்வாய்க்கிழமையில் புதுத்துணி வெட்டக் கொடுக்க என் வாடிக்கையாளர்களில் பலர் விரும்புவதில்லை. அவர்கள் எப்படியும் வராத நாளை எனக்கு விடுமுறையாக எடுத்துக்கொண்டேன்.

பலகையை முதலில் மீறியவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர், என் மாமியார்தான். வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்புவது வீட்டுக்கு அழகல்ல என்பது அத்தையின் கருத்து. மதியம் இரண்டு மணிக்கு வந்தவரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். ஒரு மாதம் மனத்தாங்கலுடன் கழிந்தபின், அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நேரம் தவறி வருபவர்களின் பையை வாங்கி, பெயரையும் தேதியையும் எழுதிவைக்கும் பொறுப்பை ஒப்படைத்தேன். அன்று முதல் அத்தையைப் போல் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்த என் சொந்தச் சித்தியையே அவர் பையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

---

இட்லி மாவு, கோவை

தங்கள் தொழிலில் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ள முடிகிறது. என் நேரத்தை மாவுதான் வகுக்கிறது. சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டினாலே இரவுக்குள் பொங்கிவிடும். மார்கழிக் குளிரில் காலையிலேயே ஆட்டியாக வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே நேரப்பலகை எனக்கு ஒத்துவரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை நேரத்தை மாற்றி, கைப்பேசியில் வணிகத்துக்கான வாட்ஸ்அப் செயலியில் பதிவிடுகிறேன். வேலைநேரத்துக்கு வெளியே வரும் செய்திகளுக்குத் தானாகவே பதில் செல்லும் வசதி அதில் உண்டு. “மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறேன், ஆறு மணிக்குமேல் பேசுகிறேன்” என்று எழுதிவைத்திருக்கிறேன். அது தானாகச் செல்லும் பதில் என்பது தெரியாமல், “சரிங்க, நிதானமா ஆட்டுங்க” என்று மறுமொழி அனுப்பிய பெரியவர் ஒருவர் உண்டு.

எனக்குத் தொல்லையாக இருந்தது இரவு ஒன்பதரை மணிதான். காலைச் சிற்றுண்டிக்கு மாவில்லை என்பது பெரும்பாலான வீடுகளில் அந்நேரத்தில்தான் நினைவுக்கு வரும். மறுத்தால் மீந்த மாவு மறுநாள் புளித்துப்போகும் என்பதால் மறுக்கவும் மனம் வராது. கொடுத்தால் மறுநாளும் அதே நேரத்துக்கு வருவார்கள். கடைசியில் சுற்றுச்சுவரின் உட்புறம் ஒரு பனிக்கட்டிப் பெட்டியில் பத்துப் பொட்டலங்களை வைத்து, அருகில் யுபிஐ கட்டணக் குறியீட்டுத் தாளை ஒட்டிவிட்டு, எட்டரை மணிக்கு உள்ளே வந்துவிடுகிறேன். எப்போதாவது ஒரு பொட்டலத்துக்குப் பணம் வருவதில்லை. என் தூக்கத்தின் விலை அதைவிடக் கூடுதல் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அக்கம்பக்கத்தினர் போசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்துவிடுவார்கள். பழகிய முகங்களை வாசலிலேயே நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வணிகருக்கான பதிவை எடுத்தேன். அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்தச் சான்றிதழைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டி, “பதிவு எடுத்தபின் உள்ளே யாரும் வரக்கூடாதுங்க, சுத்தம் பார்ப்பாங்க” என்று அதைக் கைகாட்டினேன். நான் சொன்னால் வருத்தப்பட்டிருப்பவர்கள் அரசுத் தாள் சொன்னதற்கு வருத்தப்படவில்லை.

---

வரிக்கணக்கு, திருப்பூர்

வீட்டு மாடியறையில் அமர்ந்து சிறு பின்னலாடை நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்கிறேன். எனக்கு வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. தேதி வந்து நிற்கிறது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் 11-ஆம் தேதிக்குள், வரி செலுத்தும் படிவம் 20-ஆம் தேதிக்குள். பவர்டேபிள், அதாவது மின் தையல் இயந்திரக் கூடம், வைத்திருக்கும் அண்ணன்மார் பலர் 19-ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குத்தான் பில்களைப் படமெடுத்து ஒவ்வொன்றாக அனுப்பத் தொடங்குவார்கள். அவற்றில் பாதி கலங்கியிருக்கும்.

ஐந்தாம் தேதிக்குள் பில் வரவேண்டும் என்று மூன்று ஆண்டுகள் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. பிறகுதான் என் தவறு புரிந்தது. எனக்கு ஏன் முன்கூட்டியே வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேனே தவிர, அவர்களுக்கு அதனால் என்ன இழப்பு என்று சொல்லவில்லை. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய் என்பது அவர்களை அசைக்கவில்லை. ஆனால் 11-ஆம் தேதியைத் தவறவிட்டால், 14-ஆம் தேதி உருவாகும் பட்டியலில் நீங்கள் பில் போட்ட கம்பெனிக்கு அந்த வரி வரவாகத் தெரியாது, அவர்கள் உங்கள் பணத்தை நிறுத்தி வைப்பார்கள் என்று சொன்னவுடன் பில்கள் ஏழாம் தேதிக்குள் வரத் தொடங்கின. இரண்டு பேர் மட்டும் மாறவில்லை. அவர்களுள் ஒருவரை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்; மற்றவர் என் மைத்துனர்.

---

கேக், திருச்சி

மேலே சொன்ன மைத்துனர் எல்லா வீட்டிலும் இருக்கிறார். என் வீட்டில் அவர், பிறந்தநாளன்று காலையில் கேக் கேட்கும் பெரியப்பா மகள். மூன்று நாள் முன்பதிவு என்ற விதி அவளிடம் செல்லாது. முன்பணம் என்ற விதி அதைவிடச் செல்லாது.

---

மாலைநேரப் பாடவகுப்பு, தென்காசி மாவட்டம்

மேலே எழுதியவர்களை மதித்தே இதைச் சொல்கிறேன். ஆலங்குளம் பகுதியில் என் அம்மா முப்பது ஆண்டுகள் வீட்டில் பீடி சுற்றினார். இலையை நனைத்து, அளவுத் தகட்டை வைத்து வெட்டி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்குவது வரை எல்லாமே அவர் மடியிலிருந்த முறத்தில் நடந்தன. கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கடையில் எண்ணுபவர் கழித்துப் போட்டவற்றுக்குக் கூலி கிடையாது. 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளியாக ஏற்றது. ஆனால் நாளுக்கு 9 மணி நேரம் என்று அதிலிருந்த வரம்பு தொழிற்கூடத்துக்குத்தான், வீட்டுக்கு இல்லை. வீட்டுவேலையாளர்களுக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் கொண்டுவந்த 177-ஆம் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை.

பலகை மாட்டுவதற்கு முதலில் வாடிக்கையாளர் நம் வாசலுக்கு வரவேண்டும். அம்மாவின் வாசலுக்கு யாரும் வரவில்லை. அவர்தான் சுற்றிய பீடியைத் தூக்கிக்கொண்டு இன்னொருவர் வாசலில் போய் நின்றார். இருந்தும் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் முறத்தைக் கீழே வைத்துவிடுவார். அந்த அரைமணி நேரம் அவர் சும்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆயிரம் முடியாத நாளிலும் அப்படித்தான். நான் ஏழு மணிக்குப் பாடவகுப்பை முடித்துவிட்டு, பெற்றோரின் தொலைபேசி அழைப்புகளை எடுக்காமல் இருக்கும்போது அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது.

---

தையல், மதுரை

தென்காசியிலிருந்து எழுதிய சகோதரியின் பதிவைப் படித்தபின் இரண்டு நாள் என்னால் இங்கே எதுவும் எழுத முடியவில்லை. ரவிக்கைக்குக் கொக்கி கட்டுவதையும் ஓரத்தைக் கையால் தைப்பதையும் எங்கள் தெருவிலுள்ள இரண்டு பெண்களிடம், ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்துவருகிறேன். ஏழு மணிக்கு என் வாசலை மூடிவிட்டு, தைத்து முடித்த துணிகளை எட்டு மணிக்கு மகனிடம் கொடுத்தனுப்பி, காலை பத்து மணிக்குள் வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பலகையின் நேரம் ஒழுங்காக நடந்ததற்கு அவர்களுடைய இரவுதான் காரணம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களில் ஒருவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

நேற்று அவரிடம் போய், எந்த நேரத்தில் துணி வந்தால் வசதி என்று கேட்டேன். இப்படிக் கேட்கிறேனே என்று அவர் சற்று பயந்துவிட்டார். வேலையைக் குறைக்கப் போகிறேனோ என்று நினைத்திருப்பார். குழந்தை தூங்கும் பதினோரு மணிக்கு வந்தால் நல்லது என்று கடைசியில் சொன்னார். அப்படியானால் வாடிக்கையாளர்களுக்கு நான் எழுதித்தரும் சீட்டுகளில் ஒவ்வொரு தேதியும் ஒரு நாள் தள்ளிப் போகும். இன்று காலை முதல் சீட்டை அப்படி எழுதிக் கொடுத்தேன். ஆவணியில் வளைகாப்பு வைத்திருக்கும் பெண். தேதியை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.