பானையில் தேனெடுத்ததைப் பார்த்தவர்கள் உண்டா?

குழித்துறையான்:
கவிழ்த்த மண்பானை, அடியில் பலகை, விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. தேனீ வளர்க்கும் மரப்பெட்டி வருவதற்கு முன்னால், அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீக்கு இதுதான் கூடு. அடையைத் தாங்கும் மரச்சட்டம் கிடையாது, தேனடைகள் பானையின் உட்சுவரிலேயே ஒட்டியிருக்கும். மேற்பகுதியில் தேன், அதற்குக் கீழே புழு. நான் பார்த்த அன்றைக்குக் கத்தி ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கிவிட்டது. புழுக்கள் நசுங்கி, தேனோடு வெள்ளையாக வழிந்தது. கையால் வேறு பிழிந்தார்கள். சில நாளில் நுரைத்துப் புளித்துவிட்டது.

மலையேறி:
நாம் அடை என்பதைச் சங்கப் பாடல்கள் இறால் என்கின்றன (மீன்கடை இறால் அல்ல!). மலைத்தேனீயின் இறாலுக்கு ஏறும் மூங்கில் ஏணி மால்பு. மலைபடுகடாத்தில் வரும் சொல். கண்ணேணி என்றாலும் அதுதான். கண் என்றால் கணு. கணுவில் கிளைத்த முளையை அடியோடு சீவாமல் கொஞ்சம் விட்டு நறுக்கினால் அதுவே படி. மூங்கில் உளுத்திருந்தால் முதலில் ஒடிவதும் அதுவே. பாறைக்கு நடுவில் ஒரு படி ஒடிந்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

தேன்கடை:
புளித்தாலும் பானைத் தேன் அசல். பெட்டித் தேன் வெறும் சர்க்கரைப்பாகு.

சட்டக்காரர்:
தேன்கடைக்கு: பாகு கொடுப்பது பூ இல்லாத மழைக்காலத்தில், கூட்டம் பட்டினி கிடக்காமலிருக்க. அப்போது பெட்டியின் மேலே இருக்கும் தேனறையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் பாகு வைத்தால் அது தேனறைக்கும் ஏறும். அது வளர்ப்பவர் செய்யும் தப்பு, பெட்டியின் தப்பல்ல.

1910களில் பாதிரியார் நியூட்டன் அமைத்த பெட்டி நம் அடுக்குத் தேனீக்கு ஏற்றது. கீழே புழு அறை, மேலே உயரம் குறைந்த தேனறை, ஒவ்வொன்றிலும் 7 சட்டம். பிறகு 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. பெட்டி வளர்ப்பை ஊர் ஊராகப் பரப்பியது.

தச்சரிடம் செய்யச் சொன்னால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 8 மி.மீ. விடச் சொல்லுங்கள். அதிகமானால் அந்த இடைவெளியிலும் அடை கட்டி, சட்டத்தை இழுக்கும்போது பிய்ந்துவிடும். பெட்டியை வைக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஏறும். அடையின் முக்கால்வாசிக் கண்களைத் தேனீ மெழுகால் மூடியபின் தேனறைச் சட்டத்தை மட்டும் எடுங்கள். வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, சட்டத்தைத் தேன் எடுக்கும் இயந்திரத்தில் வைத்து முதலில் மெதுவாகச் சுற்றுங்கள். புது அடை வேகம் தாங்காமல் உடையும். காலி அடையை அப்படியே திருப்பி வைக்கலாம், தேனீக்கு மறுபடி மெழுகு கட்டும் வேலை மிச்சம். பானையில் இது நடக்குமா?

குழித்துறையான்:
கேட்டது பானையைப் பற்றி, ஐயா.