14% இருக்கும்போதே பேட்டரி கட்டாகுது: உங்களுக்கும் நடந்திருக்கா?

மொட்டைமாடி:
16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, 100 ஆம்பியர் ஹவர், ஆஃப் கிரிட், அதாவது வெளி கரண்ட் லைனே (கிரிட்) கிடையாது. மத்ததெல்லாம் வழக்கமான செட்டப்தான். ராத்திரி 14% காட்டுது, இண்டக்‌ஷன் அடுப்பு ஓடுது, தண்ணி மோட்டாரும் ஆன் ஆச்சு. பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணிச்சு, வோல்ட் ரொம்ப இறங்கினா பேட்டரியைக் கட் பண்ற போர்டு) ஆப்பைத் திறந்து வச்சுப் பாத்துட்டே இருக்கேன். 15 செல்லும் 3.05 வோல்ட் பக்கம் ஒழுங்கா நிக்குது. 9-ஆவது மட்டும் 2.9, 2.7... 2.5. டப். வீடே இருட்டு. அடுத்த நிமிஷம் பாத்தா அதே செல் 3.0-க்கு மேல, ஒண்ணுமே நடக்காத மாதிரி. பிஎம்எஸ் திரும்ப ஆன் பண்ணுச்சு, லோடு ஏறுச்சு, மறுபடி டப். நான் போய் மோட்டாரை அணைக்கிற வரைக்கும் இதே கூத்து. மிச்சம் இருக்குன்னு காட்டுற அந்த 14% யாருக்கு?

வெயில்காசு:
எனக்கும் இதே தலைவலி இருந்துச்சு. 20%-க்குக் கீழ போனா டிஸ்சார்ஜ் கரண்டை 20 ஆம்பியருக்கு மேல விடாதேன்னு இன்வெர்ட்டர்ல செட் பண்ணிட்டேன். அன்னைக்கு ராத்திரி 2000 வாட் அடுப்பு ஓடுது, பேட்டரியிலிருந்து 1000 வாட் போல வருது, மீதியை கிரிட்ல இருந்து இழுத்துக்குது. லைட் சிமிட்டக்கூட இல்ல. நீங்களும் அதையே பண்ணுங்க, முடிஞ்சது.

ஒயர்மேன்_2:
வெயில்காசு, அவர் ஆஃப் கிரிட்னு முதல் வரியிலேயே சொல்லிட்டார். கிரிட் இல்லாத வீட்ல லோடு கேக்குறதை இன்வெர்ட்டர் கொடுக்கணும், இல்லன்னா படுத்துக்கணும். பாதி கொடுக்கிறேன்னு சொல்ல அதுக்கு வழியே கிடையாது. என் வீட்ல பிஎம்எஸ், இன்வெர்ட்டரோட பேசுற கேன் கேபிள்ல டிஸ்சார்ஜ் லிமிட்டைக் குறைச்சு அனுப்பும். இன்வெர்ட்டர் அலாரம் அடிக்கும், கரண்ட் அப்படியேதான் ஓடும். பீப் பீப்னு கத்திக்கிட்டே போய்ச் சேர்ந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

வெயில்காசு:
சரி, முதல் வரியைக் கவனிக்கல. ஆனா லிமிட் வேணும்ங்கிறது சரிதானே?

பழைய_செல்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒரு ராத்திரி பூரா லைட்டும் ரௌட்டரும் மட்டும் ஓடுச்சு, 5% வரைக்கும் இறங்குச்சு, எந்தச் செல்லும் விழல. அதனால 20%-லயே எல்லாத்தையும் நிறுத்துன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போறதில்ல. கீழ்மட்டத்துல வில்லன் பர்சென்ட் இல்ல, ஆம்பியர்.

மொட்டைமாடி, கேக்கலேன்னாலும் சொல்றேன். எல்எஃப்பி பெரும்பகுதி நேரம் 3.2, 3.3-லயே படுத்துக் கிடக்கும், கடைசியில சடார்னு சரியும். அந்த இடத்துல செல்லோட உள்தடையும் கூடிடும், குளிர் இருந்தா இன்னும் மோசம். இதுக்கு மேல இன்வெர்ட்டர் வேற எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தும்: 3000 வாட்டுக்கு 52 வோல்ட்ல 58 ஆம்பியர் போதும், 46-க்கு இறங்கினா 65 வேணும். வோல்ட் குறையக் குறைய கரண்டைக் கூட்டி இழுக்கும், அதனாலயே இன்னும் குறையும்.

அந்த 14%-ஐயும் ரொம்ப நம்பாதீங்க. பிஎம்எஸ் கரண்டை எண்ணித்தான் சொல்லுது, முழு சார்ஜ் ஏறாமலே நாள் ஓடினா கணக்கு விலகிடும். அப்புறம் 9-ஆவது செல்லோட பஸ்பார் (செல்களை இணைக்கிற உலோகப் பட்டை) போல்ட்டைப் பாருங்க. லூஸா இருந்தா டிஸ்சார்ஜ்ல அந்தச் செல் கம்மியா காட்டும், பாதி சார்ஜ்ல கரண்ட் ஏறும்போது அதே செல் கூடுதலா காட்டும். கட்-ஆஃபையும் (பிஎம்எஸ் கட் பண்ற வோல்ட்) ஒரே வோல்ட்ல வைக்காதீங்க. கரண்டுக்குத் தகுந்த மாதிரி கட்-ஆஃபை மாத்துற வசதி சில சிஸ்டத்துல இருக்கு. திரும்ப ஆன் ஆகுற வோல்ட்டை நல்லா மேல தள்ளி வைங்க, இல்லன்னா அந்த டப் டப் நிக்காது.

ஒயர்மேன்_2:
இவ்வளவு எதுக்கு? 25%-ல ஒரு ரிலே (தானா கட் பண்ற சுவிட்ச்) அடிச்சு அடுப்பையும் மோட்டாரையும் கழட்டிவிட்டா வேலை முடிஞ்சுது. ஆஃப் கிரிட்ல கரண்ட் லிமிட்னா அது லோடைக் கழட்டுறதுதான்.

மொட்டைமாடி:
போல்ட் டைட்டாதான் இருக்கு. சார்ஜ்ல 9-ஆவது மத்ததோட ஒட்டித்தான் போகுது, கூடுதலா காட்டல. அப்போ செல்லே டொக்கு போல. ரிலே போட்டாச்சு. நேத்து விடியுறப்போ 9% காட்டுச்சு, 9-ஆவது செல் 2.98, கட்டாகல. செல்லை மாத்துன்னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க.