இந்தோனேசியக் காட்டாய்வால் காட்டோர மக்களுக்குக் கிடைத்தது என்ன?

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

காட்டாய்வு மக்களுக்கு எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதற்கு இந்தோனேசியாவே முன்மாதிரி என்று சென்ற வாரம் வேறோர் இழையில் நண்பர் வேங்கைநிழல் எழுதியிருந்தார். நான் அதை ஏற்கவில்லை. சிஃபோர் எனப்படும் பன்னாட்டுக் காட்டியல் ஆய்வு மையம் 1993இல் ஜாவாவின் போகோர் நகரில் அமைந்தது. அன்று முதல் அந்நாட்டுக் காடுகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. அதே முப்பது ஆண்டுகளில்தான் சுமத்ராவின் தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் காகிதக்கூழ் மரத் தோப்புகளாகவும் மாறியது.

ஒரு சான்று போதும். 1996இல் அன்றைய குடியரசுத் தலைவர் சுகார்த்தோவின் அரசு, போர்னியோ தீவிலுள்ள மத்திய கலிமந்தான் மாநிலத்தில் பத்து இலட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கப் புறப்பட்டு, 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கால்வாய்களை வெட்டி, இலைதழை மக்கி ஆழமாகச் சேர்ந்திருந்த பீட் மண்ணின் நீரை வடித்தது. நெல் விளையவில்லை, உலர்ந்த நிலம் எரிந்தது. அமிலம் மிகுந்த ஆழமான பீட் மண் நெல்லுக்கு ஒவ்வாது என்பது மண்ணியல் அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று. அப்படியிருந்தும் 2020இல் அதே மாநிலத்தில் மீண்டும் ஓர் உணவு உற்பத்திப் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. ஆள்வோரின் காதில் ஏறாத அறிவால் அங்கே மீன்பிடித்தும் பிரம்பு வெட்டியும் வாழ்ந்த தாயக் மக்களுக்கு என்ன பயன் கிடைத்தது?

வேங்கைநிழல் எழுதியது:

குறிஞ்சிக்கிழான் அவர்கள் ஒரு நாட்டின் மொத்தக் காட்டழிவையும் ஆய்வாளர்களின் கணக்கில் எழுதுகிறார். நான் ஒரேயோர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

சுமத்ராவின் தென்கோடியில் உள்ள லாம்புங் மாநிலத்தில் சும்பர் ஜயா என்ற மலைப்பகுதி இருக்கிறது. ஜாவாவிலிருந்தும் சுமத்ராவின் பிற பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அங்கே காபி பயிரிடுகிறார்கள். அவர்கள் உழைத்த சரிவுகளில் பெரும்பங்கு அரசு வரைபடத்தில் பாதுகாப்புக் காடாகக் குறிக்கப்பட்டிருந்தது. வே பெசாய் ஆற்றில் நீர்மின் அணை வரவிருந்த 1990களில், காபித் தோட்டங்களிலிருந்து அரித்து வரும் மண் அணையைத் தூர்த்துவிடும் என்று காரணம் சொல்லி, ஆயிரக்கணக்கான குடும்பங்களை இராணுவத்தின் துணையோடு வெளியேற்றினார்கள். சுகார்த்தோவின் ஆட்சி வீழ்ந்த பிறகு மக்கள் திரும்பி வந்தார்கள். வனத்துறையோடு அவர்களுக்கு இருந்த நில வழக்கு மட்டும் தீரவில்லை.

இந்த நிலையில்தான் உலக வேளாண்காடு மையமான இக்ராஃப் அமைப்பின் ஆய்வாளர்களும் மலாங் நகரின் பிராவிஜயா பல்கலைக்கழக மண்ணியலாரும், ஆற்றில் வரும் மண் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு அங்கே அளக்கத் தொடங்கினார்கள். காட்டை வெட்டிப் புதிதாகக் காபி நட்ட, மண்மூடாத தோட்டத்தில் அரிப்பு மிகுதி என்பது உறுதியாயிற்று. ஆனால் நிழல் மரங்களும் பழ மரங்களும் கலந்து வளர்ந்து, தரையில் சருகு படிந்த தோட்டங்களில் அரிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அதைவிட முக்கியமாக, ஓர் ஓடை எவ்வளவு மண்ணைக் கொண்டுவருகிறது என்பதை மேலே என்ன பயிர் இருக்கிறது என்பது மட்டும் முடிவு செய்யவில்லை. அடியிலுள்ள பாறையும் மண்ணின் வகையும் முடிவு செய்தன. ஒற்றையடிப் பாதைகளும் சாலையோரங்களும் சரியும் ஆற்றங்கரைகளும் தம் பங்கைச் சேர்த்தன. காபிக்காரரை விரட்டினால் அணை பிழைக்கும் என்ற வாதத்தின் கால் அங்கேதான் முறிந்தது.

அதன் பிறகு, மரம் கலந்து பயிரிடுவதையும் எஞ்சிய காட்டைக் காப்பதையும் நிபந்தனையாக ஏற்ற உழவர் குழுக்களுக்குச் சமூகக் காட்டு உரிமம் கிடைத்தது. முதலில் அது ஐந்தாண்டுச் சோதனைக் காலத்துக்கு வழங்கப்பட்டது. பின்னர் 35 ஆண்டு உரிமத்துக்கும் வழி பிறந்தது. நேற்று வரை அத்துமீறியவர் என்று எழுதப்பட்ட ஒருவர் இன்று உரிமம் பெற்றவர் என்று எழுதப்படுகிறார் என்றால், அந்த மாற்றத்தை அற்பமென்று தள்ள என்னால் முடியாது.

அகிற்புகை எழுதியது:

அதே லாம்புங்கில், மலைக்கு மறுபுறம், மேற்குக் கடற்கரையில் உள்ள குருய் பகுதியையும் இங்கே பேச வேண்டும். என் கருத்தில் சும்பர் ஜயாவைவிட அது தெளிவான சான்று. குருய் உழவர்கள் தமார் என்று அழைக்கும் மரத்திலிருந்து நம்முடைய குங்கிலியத்தைப் போன்ற பிசினை எடுத்து விற்கிறார்கள். (சுமத்ராவின் இதே மேற்குக் கரையில், ஆனால் வெகுதூரம் வடக்கே, பாருஸுக்கு அருகிலுள்ள லோபு துவாவில், ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அக்கரையின் காட்டுச் சரக்குக்குக் கடல் கடந்த வாணிகம் புதிதன்று.)

காட்டில் தானாக வளர்ந்திருந்த தமார் மரங்கள் அருகிப்போனபோது குருய் மக்கள் அதைத் தாமே நடக் கற்றுக்கொண்டார்கள். எரித்துத் திருத்திய புனத்தில் முதலில் மலைநெல், அடுத்துக் காபியும் மிளகும், அவற்றின் ஊடே தமார்க் கன்றுகள் என்பது அவர்களின் வரிசை. காபியும் மிளகும் ஓய்ந்துபோகும் காலத்தில் தமார் தலையெடுக்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் பிசின் தரும். இடையிடையே தூரியான் போன்ற பழமரங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இயற்கைக் காடாகவே தோன்றும். வனத்துறைக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் ஏறக்குறைய 29,000 ஹெக்டேர் தமார்த் தோப்பு அரசுக் காட்டின் எல்லைக்குள் எழுதப்பட்டது. பாட்டன் நட்ட மரத்துக்குப் பேரன் திருடனாக நின்றான்.

இது விதைத்து வளர்த்த தோப்பு, தானாக முளைத்த காடு அன்று என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் செடி செடியாகக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். தோப்பில் வாழும் பறவைகளும் செடிகொடிகளும் எத்தனை வகை என்பதையும், ஒரு குடும்பத்துக்கு அதிலிருந்து வரும் வருவாயையும் எழுதினார்கள். தொண்டு நிறுவனங்கள் அந்த ஆய்வைக் கையில் எடுத்துக்கொண்டு அமைச்சகத்தின் கதவைத் தட்டின. 1997இல் குருய் மக்களுக்குச் சுற்றுச்சூழலுக்கான நாட்டின் உயர்ந்த விருதான கல்பதரு கிடைத்தது. 1998 ஜனவரியில், சுகார்த்தோ பதவி விலகுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, வனத்துறை அமைச்சர் அந்த 29,000 ஹெக்டேரைச் சிறப்பு நோக்கப் பகுதியாக அறிவித்து, மரபுவழிக் குடிகளுக்குக் கால வரம்பற்ற பயன்பாட்டு உரிமையை அளிக்கும் ஆணையில் கையெழுத்திட்டார்.

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

அகிற்புகை அவர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த ஆணையின்படி உரிமை கேட்டு குருய் மக்கள் விண்ணப்பிக்க முன்வரவில்லை. விண்ணப்பம் போட்டால், தம் முன்னோர் நட்ட தோப்பு அரசின் நிலமே என்று தாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்தது. நில உடைமை அரசிடமே இருந்தது; பயன்பாடு மட்டுமே தரப்பட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் சில ஊர்களில் தமார்த் தோப்புகள் வெட்டப்பட்டுச் சுருங்குவதையும் பதிவு செய்தன.

ஆய்வின் பெயரால் வந்த திட்டங்கள் எப்படி முடிந்தன என்பதையும் பார்க்க வேண்டும். நான் முதலில் சொன்ன அதே கலிமந்தான் சதுப்பில், காடழிவைத் தடுத்துக் கரியமில வாயுவைக் குறைக்கும் பெருந்திட்டம் ஒன்றை ஆஸ்திரேலிய அரசு 2007இல் அறிவித்தது. பீட் மண்ணின் ஆழம், நிலத்தடி நீர்மட்டம், வெளியேறும் வாயு எல்லாம் மிகக் கவனமாக அளக்கப்பட்டன. கால்வாய்களை அடைத்து நிலத்தை மீண்டும் ஈரமாக்கும் பணியோ வாக்களித்த அளவில் சிறு பகுதியைக்கூட எட்டவில்லை. 2014இல் திட்டம் மூடப்பட்டது. கால்வாய் அடைப்பு என்பது படகில் போய்வரும் ஊர்க்காரருக்குப் பாதை அடைப்பும்தான் என்பதால் ஊர்களில் எதிர்ப்பும் எழுந்தது. அளந்தவர்களுக்குத் தரவு கிடைத்தது. ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறேன்.

நெய்தலாள் எழுதியது:

குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள வேண்டும். நான் பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவள். மேற்குக் கலிமந்தானில் குனுங் பாலுங் தேசியப் பூங்காவின் ஓரத்தில் 2007இல் ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் முதலில் ஊர் ஊராகச் சென்று, மரம் வெட்டுவதை நிறுத்த உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டார்கள். கட்டுப்படியாகும் மருத்துவம் என்பது மக்கள் சொன்ன விடைகளில் முதன்மையானது. பிரசவத்துக்கோ அறுவைக்கோ பணம் தேவைப்படும்போதுதான் பலர் காட்டில் மரம் வெட்டப் போனார்கள். பணத்துக்கு ஈடாக மரக்கன்றுகளையும் கைவினைப் பொருள்களையும் அந்த மருத்துவமனை பெற்றுக்கொள்கிறது. மரம் வெட்டுவதைக் குறைத்த ஊர்களுக்குக் கட்டணச் சலுகையும் தருகிறது. பத்தாண்டுத் தரவுகளை அந்நாட்டின் பிற பூங்காக்களோடு ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, அப்பூங்காவில் காடழிவு சுமார் 70 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிட்டது. கேள்வியை ஊர்க்காரர் வகுத்த இடத்தில் விளைவும் ஊருக்குள்ளேயே தங்கியது என்பதை இரு தரப்பினரும் கவனிக்க வேண்டுகிறேன்.

வேங்கைநிழல் எழுதியது:

நெய்தலாள் அவர்களின் சான்று என் பக்கம் நிற்கிறது. கலிமந்தான் சதுப்புத் திட்டத்தை நான் காக்கப் போவதில்லை. ஆனால் குறிஞ்சிக்கிழான் அவர்கள் இரண்டு வேறு பணிகளை ஒரே பெயரில் அழைக்கிறார். வெளிநாட்டு நிதியாளருக்குக் கணக்குக் காட்டுவதற்காக அளப்பது ஒன்று. ஊருக்கும் வனத்துறைக்கும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வழக்கில் சான்றாக நிற்பதற்காக அளப்பது மற்றொன்று. சும்பர் ஜயாவிலும் குருயிலும் நடந்தது இரண்டாவது. அமைச்சரின் ஆணையில் குறை இருக்கலாம். ஆனால் குருய்த் தோப்புகளை இயற்கைக் காடு என்று இனி எந்த அதிகாரியும் எழுத முடியாது.

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

எழுத முடியாமற் செய்தது ஆய்வா, மக்களின் பிடிவாதமா? 1999இல் மரபுவழிக் குடிகளின் கூட்டமைப்பான ஆமான் உருவானது. மரபுவழிக் காடு அரசுக் காடு ஆகாது என்ற அரசமைப்பு நீதிமன்றத்தின் 2013 மே மாதத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தது அதன் வழக்கே அன்றி எந்த ஆய்வு மையமும் அன்று. 35 ஆண்டு உரிமம் என்றால் முப்பத்தாறாம் ஆண்டில் அந்தக் காபித் தோட்டம் யாருடையது?

அகிற்புகை எழுதியது:

தீர்ப்பைப் பெற்றது ஆமான் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அத்தீர்ப்பின் அடிப்படையில் ஒன்பது சமூகங்களின் காடுகளுக்குக் குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ 2016 டிசம்பர் 30 அன்றுதான் முதன்முறையாக ஏற்பளித்தார். சுலாவெசியின் கஜாங் மக்களின் காடு அவற்றுள் ஒன்று. 1.27 கோடி ஹெக்டேரை மக்களின் மேலாண்மைக்குத் தருவதாக அவருடைய அரசு இலக்கு வைத்தது. இதுவரை தரப்பட்டதில் பெரும்பகுதி குறிப்பிட்ட காலத்துக்கான உரிமங்களே. மரபுவழிக் காடாக ஏற்கப்பட்டது மிகச் சிறு பங்கு. காரணம் இதுதான்: ஒரு சமூகம் தன் காட்டைக் கேட்க வேண்டுமானால், முதலில் வட்டார அரசு அச்சமூகத்தை ஏற்று விதி பிறப்பிக்க வேண்டும், அதற்கு எல்லை வரைபடமும், வழக்காறுகளின் பதிவும், நிலப் பயன்பாட்டின் வரலாறும் தேவை. இவற்றை வழக்கறிஞர் மட்டும் செய்ய முடியாது. நிலவியல், மானிடவியல், காட்டியல் கற்றவர்கள் ஊர்ப் பெரியவர்களோடு ஓடை ஓடையாக நடந்துதான் செய்ய முடியும். குருயில் செய்ததும் அதுவே.

குறிஞ்சிக்கிழான் எழுதியது:

இத்தனை தாள்களையும் ஏழைக் குடிகளே சுமந்துவர வேண்டும் என்று விதித்த சட்டத்தை அகிற்புகை அவர்கள் இயல்பானதாக எடுத்துக்கொள்கிறார். எண்ணெய்ப்பனை நிறுவனத்துக்கு இசைவு தரும்போது, அந்த நிலத்தில் பாட்டன் நட்ட மரம் எதுவும் இல்லை என்பதை நிறுவனம் மெய்ப்பிக்க வேண்டும் என்று ஏன் கேட்பதில்லை? அந்தச் சுமையைத் தூக்க வந்த மரபுவழிக் குடிகள் சட்ட முன்வரைவு பத்தாண்டுகளுக்கு மேலாக நாடாளுமன்றத்தில் கிடக்கிறது. வரைபடம் வரையும் ஆய்வாளர்களை நான் தடுக்கவில்லை. அவர்கள் தங்கள் அடுத்த அறிக்கையை ஊர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதுவதற்கு முன், நிறுவனத்தின் இசைவுக் கோப்பை அமைச்சகத்திடம் கேட்டு வாங்கி அதையும் அளக்கட்டும்.