புதுப்பிப்பு: ஏற்றும்போது லொறி நகரும் பிரச்சினை தீர்ந்தது

கிளிநொச்சியில் எங்கள் அரிசிக் களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் உள்ளே ஓடும்போது கொள்கலன் லொறி மேடையை விட்டு மெல்ல விலகுகிறது, ஒருமுறை ஏற்றி முடிந்தது என்று நினைத்துச் சாரதி வண்டியையே எடுக்கப் பார்த்தார், என்ன செய்யலாம் என்று பெரும்போக அறுவடைக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

கைப்பிரேக் மட்டும் போதாது என்று ஒருவர் சொன்னது சரிதான். 2.5 தொன் தூக்கும் போர்க்லிஃப்டின் சொந்த எடையே 4 தொன்னுக்குக் கிட்ட வரும். சுமையோடு உள்ளே பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் லொறியை முன்னால் தள்ளும். சில்லுக்கு ரப்பர் கட்டை வைத்தோம், கிரவலில் சறுக்கியது. பின்சில்லு நிற்கும் இடத்தில் கொங்கிரீட் போட்ட பிறகு அசையவில்லை.

சாரதி இடையில் வண்டியை எடுப்பதை நிறுத்தியது, லொறியின் திறப்பை (சாவியை) வாங்கி வைக்கும் யோசனைதான். லொறி நின்றதும் திறப்பு களஞ்சியப் பொறுப்பாளரிடம் வரும். போர்க்லிஃப்ட் வெளியேறி, மேடைக்கும் லொறிக்கும் இடையே பாலமாகப் போடும் இணைப்புத் தகட்டையும் தூக்கிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்.

எதிர்பாராதது, சாரதிமாரின் கோபம். திறப்பு இல்லாவிட்டால் கபினில் விசிறி ஓடாது, பங்குனி வெயிலில் யார் இருப்பது? வேப்பமரத்தடியில் இருக்க ஒரு வாங்கு, போன் சார்ஜ் போட ஒரு பிளக் வைத்தோம். அப்புறம் திறப்பைக் கேட்காமலே தருகிறார்கள்.

ஒன்று: முன்தலையை (இழுக்கும் எஞ்சின் வண்டியை) கழற்றிவிட்டு நிற்கும் ட்ரெய்லருக்கு இவை போதாது. முன்பக்கம் குடைசாயாமல் தனியாகத் தாங்கி கொடுக்க வேண்டும்.