சுகர் உள்ள அம்மா தினமும் உருளைக்கிழங்கு சாப்பிடலாமா?

ரங்கூன் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, சுகர் வந்து ஏழு வருடம், மாத்திரை மட்டும்தான், ஊசி இல்லை. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு வாரம் இரண்டு வீசை (மூன்று கிலோவுக்கு மேல்) உருளைக்கிழங்கு தீர்ந்துபோகிறது. ஷான் மலைப்பக்கத்து ஆங்பான் ஊர்க் கிழங்கு சந்தைக்கு வந்துவிட்டால் அம்மா வேறு காய் பக்கம் திரும்பவே மாட்டார். காலையில் பலாட்டாவுக்கு (பரோட்டா) கிழங்குக் கறி, மதியம் சோற்றுக்கு வறுவல், சாயங்காலம் சமோசா தோக் (சமோசாவை உடைத்துப் பிசைந்த பர்மா சாலட்), அதற்குள்ளும் கிழங்குதான். போன வாரம் எடுத்த மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 8.4. டாக்டர் "கிழங்கைக் குறைங்க" என்றதோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எவ்வளவு குறைப்பது, அடியோடு நிறுத்த வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை. நிறுத்தச் சொன்னால் அம்மா சாப்பாட்டையே ஒதுக்கிவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

மோல்மேன்காரன்:
தங்கச்சி, எனக்குச் சுகர் 11 வருடமாக. நான் கிழங்கை விடவில்லை, சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவதைத்தான் விட்டேன். நம் ஆட்கள் கிழங்கைக் காய் கணக்கில் வைக்கிறோம், அதுதான் தப்பு. வேகவைத்த கிழங்கு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், அதே அளவு சோற்றில் 28 கிராம், அப்படியென்றால் சோறும் கிழங்கு வறுவலும் சாப்பிடுவது சோற்றுக்குச் சோறு தொட்டுக்கொள்வது மாதிரி. மெஷினில் குத்திப் பார்த்தேன். தட்டு நிறையச் சோறு, கிழங்கு வறுவல், இரண்டு மணி நேரம் கழித்து 236. மறுநாள் சோற்றைப் பாதியாக்கி, அதே அளவு கிழங்கை வேகவைத்து, கூடவே நிறையக் கீரையும் மீனும் வைத்துக்கொண்டேன், 171. என் உடம்புக்கு வந்த எண் இது, அம்மாவுக்கு வேறு மாதிரி வரலாம், நீங்களே குத்திப் பாருங்கள்.

இப்போது காலையில் வேகவைத்து ஆறவிட்டு, மதியம் வெங்காயம், எலுமிச்சை, வறுத்த கடலை மாவு போட்டுத் தோக் மாதிரிப் பிசைந்து சாப்பிடுகிறேன். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறிவிடும், சுகர் ஏறுவதும் சற்று நிதானப்படும். அம்மாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தவுஞ்சி நர்ஸ்:
அண்ணன் சொன்னது சரி. 2025 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது, அமெரிக்காவில் மருத்துவத் துறையில் இருக்கும் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. வாரம் மூன்று தடவை பிரெஞ்சு ஃபிரைஸ் சாப்பிட்டவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாக இருந்தது, வேகவைத்தது, சுட்டது, மசித்தது சாப்பிட்டவர்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கிழங்குக்குப் பதில் முழுத் தானியம் என்றால் அந்த வாய்ப்பு குறைந்தது, வெள்ளை அரிசி என்றால் கூடியது. அதனால் கிழங்கை நிறுத்திவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அது சுகர் வராதவர்களைப் பார்த்த ஆய்வு, அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அளவு முக்கியம். ஒரு வேளைக்கு முட்டை அளவில் இரண்டு கிழங்கு, அன்று சோறு பாதி. எண்ணெயில் பொரித்ததை முதலில் நிறுத்துங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

பெகு தம்பி:
அக்கா, அம்மாவுக்குக் கிட்னி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அப்பாவுக்குச் சுகரால் கிட்னி பலவீனமாகி ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, கிழங்கில் அது நிறைய, எங்களுக்கு யாரும் முன்னாடி சொல்லவில்லை. இப்போது தோல் சீவி மெல்லிசாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறோம், அதுவும் எப்போதாவதுதான். கிட்னி நன்றாக இருந்தால் இது தேவையில்லை. அப்புறம் வீசைக் கணக்கில் வாங்கினால் வெளிச்சம் படாத கூடையில் வையுங்கள். பச்சையாக மாறியதையும் முளை நிறைய விட்டதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

ரங்கூன் மகள்:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கிட்னி டெஸ்ட் இதுவரை எடுத்ததே இல்லை, திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். தோக் யோசனையைச் சொன்னதும் அம்மா கடலை மாவு வறுக்கக் கிளம்பிவிட்டார். பாதிச் சோறு என்றதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.