‘தி இன்னர் லைட்’: மீண்டும் பார்த்தபின் ஒரு புதுப்பிப்பு

‘ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரில் 1992 ஜூன் மாதம் ஒளிபரப்பான இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதி மெதுவாக நகர்கிறது என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வீட்டில் அண்ணனோடு அமர்ந்து அதை மறுபடியும் பார்த்துவிட்டதால் இப்பதிவைத் தொடர்கிறேன்.

மெதுவாக நகர்வது உண்மைதான். ஆனால், விண்கப்பலில் ஏறத்தாழ 25 நிமிடமே கடக்க, அதன் கேப்டன் பிக்கார்ட், அழிந்துபோன மக்கள் அனுப்பிய ஒரு விண்கலத்தின் பிடியில் சிக்கி, அவர்களின் கட்டான் என்னும் கோளில் காமின் என்ற பெயருடன் ஒரு முழு ஆயுளை வாழ்ந்து முடிப்பதை நாம் நம்புவதற்கு அந்த நிதானமே காரணமாகிறது. அந்தக் கோளை வாட்டும் வறட்சியை வசனத்தால் மட்டும் சொல்லாமல், ஊர் நடுவில் நட்ட மரக்கன்றையும், மண்ணைச் சோதிக்கும் காமினின் மகளையும் கொண்டு காட்டியிருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர்களின் லயத்து (வரிசை) வீடுகள் இடிக்கப்பட்டதைப் பார்த்த அண்ணன் இந்த இடத்தில் வாய் திறக்கவே இல்லை. காலணியை எடுத்து வைக்கும்படி கணவனை ஓயாமல் கண்டிக்கும் காமினின் மனைவி எலின், இறக்கும் தறுவாயிலும் அதையே சொல்வது எனக்கு மிகச் சிறந்த எழுத்தாகப் படுகிறது.

குறை ஒன்று அப்படியே நிற்கிறது: சிறு ஏவுகணைகளை மட்டுமே அனுப்ப முடிந்த கட்டான் மக்களால் அந்நியர் மூளைக்குள் ஒரு வாழ்வையே செலுத்த முடிந்தது எவ்வாறு என்பதற்குக் கதை விடை தரவில்லை.

முந்தைய அத்தியாயங்கள் தெரியாமல் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தாராளமாகப் பார்க்கலாம். காமினாக வாழ்ந்தபோது பிக்கார்ட் வாசிக்கும் புல்லாங்குழல் ஆறாம் பருவத்தின் ‘லெசன்ஸ்’ அத்தியாயத்தில் திரும்ப வருவதால், அடுத்ததாக அதைப் பாருங்கள்.