கண்ணில் நீர் வடிந்தாலும் அது வறட்சிதான்: உலர்கண் நோயுடன் வாழ்பவர்களின் அனுபவங்கள்

மெய்ப்புத் திருத்துநர், சென்னை

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தாலே எனக்குக் கன்னத்தில் நீர் வழியும். மாலையானால் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் எரிச்சலும் இருக்கும். கண் மருத்துவர் “உங்களுக்குக் கண் உலர்ந்துபோயிருக்கிறது” என்றபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீர் கொட்டும் கண் எப்படி உலர்ந்த கண்ணாகும்?

அவர் பொறுமையாக விளக்கினார். கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடியில் சளி போன்ற பகுதி, நடுவில் நீர், மேலே எண்ணெய். இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிறது, கருவிழி உறுத்துகிறது, அந்த உறுத்தலுக்குப் பதிலாகக் கண்ணீர்ச் சுரப்பி ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. அந்த நீர் கண்ணில் தங்குவதில்லை, வழிந்துவிடுகிறது.

சாயக் காகிதத்தைக் கண்ணில் லேசாகத் தொட்டு, நீல ஒளியில் பார்த்தார். கண்ணைச் சிமிட்டாமல் வைத்திருக்கச் சொன்னார். படலம் 4 நொடியில் உடைந்துவிட்டது. 10 நொடிக்கு மேல் நிற்க வேண்டுமாம். நாள் முழுவதும் திரையில் எழுத்துப் பிழை தேடும் வேலை எனக்கு. இயல்பாக நிமிடத்துக்கு 15 முறையாவது சிமிட்டுகிற கண், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூடச் சிமிட்டுவதில்லை. சிமிட்டினாலும் இமை முழுதாக மூடுவதில்லை.

எனக்கு அதிகம் உதவியது வெந்நீர் ஒத்தடம். துணியை நனைத்து மூடிய இமையில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். ஆற ஆற மாற்றிக்கொண்டே பத்து நிமிடம் தொடர வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவ வேண்டும். உறைந்துபோன எண்ணெய் இளகி வெளியே வருவதற்கு இதுதான் வழி. தினமும் செய்கிறவரை நன்றாக இருக்கிறது. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

தம்பி, உங்களுக்கு எண்ணெய் குறைவு. எனக்கு நீரே ஊறுவதில்லை. இரண்டும் உலர்கண்தான் என்றாலும் வேறுவேறு என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்ற வயதில் கண் எரிச்சல் தொடங்கியது. வயதானால் பெண்களுக்கு இப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. வயதும் ஹார்மோன் மாற்றமும் உலர்கண்ணுக்கு முக்கியக் காரணங்கள், ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஆனால் எனக்கு வாய்த்த கண் மருத்துவர் அத்துடன் நிறுத்தவில்லை. “வாய் உலர்கிறதா? தண்ணீர் இல்லாமல் இட்லி விழுங்க முடிகிறதா? விரல் மூட்டு வலிக்கிறதா? பல் திடீரென்று சொத்தையாகிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். சோற்றில் குழம்பை நிறைய ஊற்றிப் பிசைந்தால்தான் உள்ளே இறங்கும் என்ற நிலையில் இருந்தேன். அதையும் கண்ணையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

கீழ் இமையில் ஒரு சிறிய காகிதப் பட்டையை மடித்து மாட்டி, 5 நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். ஷிர்மர் பரிசோதனை என்று பெயர். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903இல் கொண்டுவந்த முறை இன்றும் அப்படியே நடக்கிறது. 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பெரும்பாலும் கவலையில்லை. எனக்கு ஒரு கண்ணில் 3, மறு கண்ணில் 2.

வாத நோய் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரத்தப் பரிசோதனை, உதட்டின் உட்புறத்திலிருந்து சிறிய திசுப் பரிசோதனை, பிறகு முடிவு: ஷோக்ரென் நோய்க்குறி. நம் நோய் எதிர்ப்பு ஆற்றலே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குகிற நோய். ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் 1933இல் தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார். அவர் பார்த்த நோயாளிகள் 19 பேரும் பெண்கள். இன்றும் பத்தில் ஒன்பது பேர் பெண்களே. எத்தனை அம்மாக்கள் “வயசாச்சு” என்ற ஒரு சொல்லோடு இதைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்தத் தாக்குதலைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து தந்தார்கள். விட்டவுடன் எரியும். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் விடாமல் போட்டேன். அதைச் சொல்லாமல் கொடுத்தால் யாரும் இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவார்கள். பிறகு கண்ணீர் வடியும் துளையில் சிறு அடைப்பான் வைத்தார்கள். ஊறுகிற கொஞ்ச நீரும் மூக்கு வழியாகப் போய்விடாமல் கண்ணிலேயே தங்குகிறது. வைப்பதற்கு ஊசியோ கத்தியோ தேவைப்படவில்லை.

பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்

அம்மா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. எனக்கு அவ்வளவு பெரிய நோய் இல்லை. பஞ்சுத் தூசியும், தலைக்கு நேர் மேலே ஓடும் மின்விசிறியும், இரவில் இருசக்கர வண்டியில் வீடு திரும்புவதும் சேர்ந்து கண்ணைக் கெடுத்தன. முகத்தில் காற்று நேராகப் படாதபடி உட்காரும் இடத்தை மாற்றித்தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கினேன். தலைக்கவசக் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுகிறேன். பாதித் தொல்லை போய்விட்டது. மீதிக்குச் சொட்டு மருந்து.

கண் பரிசோதகர், சேலம்

இந்த மூன்று பதிவுகளையும் எங்கள் மருத்துவமனையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம். மூன்றும் ஒரே நோயின் பெயரில் வருகின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு.

எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2017இல் வெளியான பன்னாட்டு நிபுணர் குழு அறிக்கை 5 முதல் 50 சதவீதம் என்கிறது. இவ்வளவு இடைவெளி வருவதற்குக் காரணம், சில ஆய்வுகள் தொல்லையை மட்டும் கேட்டுக் கணக்கெடுக்கின்றன, சில பரிசோதனையில் தெரிவதை மட்டும் எடுக்கின்றன. கண் கடுமையாக எரிகிறவருக்குக் கருவிழியில் ஒன்றும் தெரியாது; கருவிழி முழுக்கப் புள்ளி புள்ளியாகச் சாயம் பிடித்திருப்பவர் “எனக்கு ஒன்றுமில்லையே” என்பார். வட இந்தியாவில் மருத்துவமனைக்கு வந்த 15,625 பேரிடம் கேள்வித்தாள் வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அதில் 32 சதவீதம் பேருக்கு இருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு அது, ஊர்க் கணக்கு அன்று. ஆனாலும் 21 முதல் 40 வயதுக்காரர்களிடமும் மேசை வேலை செய்கிறவர்களிடமும் அதிகமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிழவர்களின் நோய் என்று இனிச் சொல்ல முடியாது.

கண்ணைப் பார்க்கும் முன் நான் மருந்துச் சீட்டைத்தான் கேட்பேன். ஒவ்வாமைக்கும் சளிக்கும் போடும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை கண்ணை உலர்த்தும். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, முடக்குவாதம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். இன்னொன்று: கண்புரை அறுவைக்கு முன் உலர்கண்ணைச் சரிசெய்யாவிட்டால் கருவிழி வளைவின் அளவு பிசகும், வைக்கிற லென்ஸின் பவரும் தப்பாகிவிடும். பெரியவர்களை அறுவைக்கு அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

விவசாயி மகன், தஞ்சாவூர்

ஐயா, என் அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். பல ஆண்டுகளாகச் சொட்டு மருந்து விடுகிறார். கண் சிவந்து, இமை விளிம்பு தடித்து, “மருந்தே வேண்டாம்” என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். மருந்தைவிட, அது கெடாமலிருக்க அதில் கலந்திருக்கும் பதப்படுத்தி, பென்சால்கோனியம் குளோரைடு, கருவிழியை உறுத்துகிறது என்று மருத்துவர் சொன்னார். அது இல்லாத மருந்துக்கு மாற்றினார். விலை கூடுதல்தான், ஆனால் அப்பா இப்போது மறுப்புச் சொல்லாமல் போட்டுக்கொள்கிறார். அழுத்த மருந்தைத் தாமாக நிறுத்தினால் பார்வை நரம்பு போய்விடும், போனது திரும்பாது. எரிகிறதென்று யாரும் நிறுத்திவிடாதீர்கள், மாற்றித்தரச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர், திருச்சி

கடையில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். “கண் சிவந்திருக்கிறது, ஏதாவது ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்” என்று கேட்டு வருகிறவர்களே அதிகம். ஸ்டீராய்டு கலந்த மருந்து ஒரே நாளில் சிவப்பை எடுத்துவிடும். அதனால்தான் அது ஆபத்து. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் தருவது சரியான மருத்துவம். தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரை வரும். இரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும் மருந்துகளும் அப்படியே. நிறுத்தியவுடன் முன்பைவிடச் சிவக்கும். சீட்டில்லாமல் இவற்றைக் கேட்பவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள், பரவாயில்லை.

கண்ணை ஈரமாக வைக்கும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்துகளில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்று இருக்கும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தி இல்லாததைக் கேளுங்கள். திறந்த புட்டியை, உறையில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நுனி இமையிலோ விரலிலோ படக்கூடாது. 2022-23இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்தோடு தொடர்புடைய பாக்டீரியாத் தொற்று 81 பேருக்கு வந்தது. நால்வர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். அந்த மருந்து நம் தமிழ்நாட்டில் தயாரானது. தொழிலில் இருக்கிற எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம். தூய்மை என்பது இந்த மருந்தில் பாதி மருந்து.

நந்தியாவட்டைப் பூ, பன்னீர், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று கண்ணில் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கிருமி நீக்காத எதையும் கண்ணில் விடாதீர்கள்.

மென்பொருள் பொறியாளர், கோவை

மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தபிறகு எனக்கு எரிச்சல் நன்றாகக் குறைந்தது. இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கண் பரிசோதகர், சேலம்

குறைந்தது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் அமெரிக்காவில் 535 பேரிடம் ஓராண்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. ஒரு பகுதியினருக்குத் தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா 3 (மீன் எண்ணெயிலுள்ள கொழுப்பு), மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். இரு பக்கமும் தொல்லை குறைந்தது, இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. மாத்திரைக்குச் செலவிடும் பணத்தைப் பதப்படுத்தி இல்லாத சொட்டு மருந்துக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து. மீன் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

முதுகலை மாணவி, புதுச்சேரி

லேசர் அறுவை செய்து கண்ணாடியைக் கழற்றியவள் நான். பார்வை தெளிவாக வந்தது, கூடவே வறட்சியும் வந்தது. அறுவையில் கருவிழி நரம்புகள் வெட்டுப்படுவதால் கண் உலர்ந்ததை மூளைக்குச் சொல்லும் செய்தி குறைந்துவிடுகிறது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். எனக்குத் தாமதமானது. அந்த நாட்களில் என்னை வருத்தியது எரிச்சல் மட்டுமன்று, “கண் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது” என்ற பேச்சு. படிக்க முடியாது, வெயிலில் நடக்க முடியாது, அழக்கூடப் பயம். இந்த நோய்க்காரர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வுகள் சொல்வதில் எனக்கு வியப்பே இல்லை. அறுவைக்குப் போகிறவர்கள் முன்னதாகவே கண்ணீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடும்போதே கண் உறுத்தியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மதுரை அம்மாவிடம் ஒரு கேள்வி. நம் இரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து செய்கிறார்களாமே, அது உங்களுக்குச் சொல்லப்பட்டதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

ஆம் மகளே, இப்போது அதைத்தான் விடுகிறேன். கையில் இரத்தம் எடுத்து, உறையவைத்து, சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை மட்டும் பிரிக்கிறார்கள். அதை உப்புநீரில் கலந்து, பெரும்பாலும் 20 சதவீத அளவில், சிறு புட்டிகளில் தருகிறார்கள். கருவிழி ஆறுவதற்கு வேண்டிய பொருள்கள் நம் சீரத்தில் இயல்பாகவே இருக்கின்றனவாம். சைக்ளோஸ்போரின்போல எரியவில்லை. காலையில் கண்ணைத் திறக்கும்போது இமை ஒட்டிக்கொண்டு இழுக்கிற வலி எனக்கு இதில்தான் நின்றது.

பதப்படுத்தி இல்லாததால் பாதுகாப்பதில்தான் கவனம் வேண்டும். எல்லாப் புட்டிகளையும் உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, பயன்படுத்தும் ஒன்றை மட்டும் கீழ்த்தட்டில் வைத்துக்கொள்கிறேன். மின்வெட்டு நீண்டால் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்தான் துணை. ஊருக்குப் போகும்போது பனிக்கட்டி போட்ட குடுவையில் எடுத்துப் போகிறேன். திறந்த புட்டியை எத்தனை நாளில் எறிய வேண்டும் என்பது தயாரிக்கிற இடத்தைப் பொறுத்து மாறும், அவர்கள் எழுதித் தருவதைப் பின்பற்று. இரத்த வங்கி வசதியுள்ள பெரிய கண் மருத்துவமனைகளில் விசாரித்துப் பார்.